உச்சந்தலைக்கு மேல நாலு மெகா ஸ்டார்!

ரோச் பூங்கா பக்கம் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கக் கடலை போடுற ஃபிரெண்ட்ஸ்... ஒரு அஞ்சு நிமிஷம் நிஜக் கடலைப் பாருங்களேன்! டிசம்பர் நடுவுல, மேற்கே சூரியன் டாட்டா காட்டுற நேரத்துல, கிழக்கே தண்ணிக்குள்ள இருந்து ஒரு நட்சத்திரக் கூட்டம் எழுந்து வரும். அடையாளம் ரொம்ப ஈஸி. மூணு நட்சத்திரம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி வரிசையா நிக்கும். அதுதான் ஓரியன்.

மழை மேகம் மறைச்சா கவலை வேண்டாம். ஜனவரி கடைசியில ராத்திரி ஒன்பது மணிக்கு நிமிர்ந்தா, ஏறக்குறைய உச்சிக்கே வந்திருக்கும். கல்யாணப் பொருத்தம் பார்க்கும்போது பெரியவங்க சொல்ற மிருகசீரிடமும் திருவாதிரையும் இதே ஓரியன்லதான் இருக்கு. ஆனா, நாம பார்க்கப்போறது ஜாதகத்துல வராத ஆட்களை!

அந்த மூணு நட்சத்திர பெல்ட்டுக்குத் தெற்கே, மங்கலா மூணு புள்ளி தொங்கும். அது ஓரியனோட வாள். நடுப்புள்ளியை உத்துப் பாருங்க. புகை படிஞ்ச மாதிரி இருக்கா? அது ஒரு நட்சத்திரப் பிரசவ வார்டு. பேரு ஓரியன் நெபுலா. சின்ன டெலஸ்கோப்புல பார்த்தா அதோட நடுவுல நாலு நட்சத்திரம் நெருக்கியடிச்சு நிக்கும். சரிவகம் மாதிரி இருக்கறதால 'ட்ரபீசியம்'னு பேரு. 1617-ல கலிலியோ பார்த்தப்போ மூணுதான் அவர் கண்ணுல சிக்குச்சு. நாலாவதுக்கு ஆஜர் போட இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு!

பச்சைக் குழந்தைங்க... ஆனா பயங்கர ஹாட்!

இந்தக் கூட்டத்தோட வயசு 10 லட்சத்துல இருந்து 30 லட்சம் வருஷம். 'அடேங்கப்பா'ன்னு வாயைப் பிளக்காதீங்க. நம்ம சூரியனுக்கு வயசு சுமார் 460 கோடி வருஷம். சூரியனை 46 வயசு அங்கிள்னு வெச்சுக்கிட்டா, இவங்க பிறந்து ரெண்டு வாரம்கூட ஆகாத குழந்தைங்க!

நாலு பேருக்கும் ஏ, பி, சி, டி-ன்னு பேரு வெச்சிருக்காங்க. இதுல தாதா யாருன்னா, 'சி'. முழுப்பேரு தீட்டா-1 ஓரியானிஸ் சி. மேற்பரப்பு வெப்பம் சுமார் 39,000 கெல்வின். நம்ம சூரியனுக்கு 5,800-தான். ஏழு மடங்குகூட இல்லையேன்னு அசால்ட்டா நினைக்காதீங்க. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மேன் விதின்னு ஒண்ணு படிச்சோமே... வெப்பத்தோட நாலாம் அடுக்குல ஆற்றல் எகிறும். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. ஒரே அளவு இடத்துல இருந்து சூரியனைவிட ஏறக்குறைய 2,000 மடங்கு ஆற்றல் வெளியே கொட்டுது! மொத்தமா எடுத்தா சுமார் 2 லட்சம் சூரியன்.

அதுல பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அந்தக் கதிர் பட்டு ஹைட்ரஜன் வாயு ஒளிர்றதுதான் நாம பார்க்கிற அந்தப் புகை. அவ்வளவு பெரிய நெபுலாவுக்கு லைட் போடுற வேலையில முக்கால்வாசியும் இந்த 'சி' ஒருத்தரோட கைங்கர்யம்தான்.

சிங்கிளா வந்தா சிங்கம் இல்லை!

இங்கேதான் ட்விஸ்ட். அந்த 'சி'யும் தனி ஆள் கிடையாது. 1999-ல பார்த்தா, பக்கத்துலயே ஒரு ஜோடி ஒட்டிக்கிட்டு இருக்கு! 'ஏ'வுக்கும் ஜோடி உண்டு. 65 நாளுக்கு ஒருமுறை ஒண்ணை ஒண்ணு மறைக்கும். 'பி' வீடு கூட்டுக் குடும்பம். குறைஞ்சது அஞ்சு பேர்!

ஜோடியா இருந்தா நமக்கு என்ன லாபம்? இருக்கு பாஸ். தனியா நிக்கிற நட்சத்திரத்தை எடை போடத் தராசு கிடையாது. ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் சுத்தினா, கெப்ளர் விதியே தராசு. 'சி' ஜோடி ஒரு சுற்று முடிக்க 11 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகுது. அவங்களுக்கு நடுவுல சராசரி தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கிற தூரத்தைப்போல 18 மடங்கு. 18-ஐ மூணு தடவை பெருக்குங்க. 11.3-ஐ ரெண்டு தடவை பெருக்கி, அதால வகுங்க. விடை சுமார் 45. அதாவது, ரெண்டு பேரும் சேர்ந்து 45 சூரியன் எடை! அதுல பெரியவர் மட்டும் ஏறக்குறைய 33. பல கோடி ரூபாய் டெலஸ்கோப் தந்த ரெண்டு நம்பர், நம்ம கை கால்குலேட்டர், வேலை முடிஞ்சது.

2012-ல வந்த ஓர் ஆய்வு இன்னொண்ணு சொல்லுச்சு. இந்த மாதிரி கனத்த நட்சத்திரங்கள்ல 70 சதவிகிதத்துக்கும் மேல, வாழ்நாள்ல எப்பவாவது ஜோடியோட பொருளைக் கொடுத்து வாங்கிக்குமாம். சில சமயம் ரெண்டும் ஒண்ணாவே கலந்துடும்.

பக்கத்து வீட்டுக்காரன் பாவம்!

பெரிய ஆள் ஆட்டம் போட்டா சின்னவங்க கதி? 1990-கள்ல ஹப்பிள் டெலஸ்கோப் எடுத்த படங்கள்ல பார்த்தாங்க. சுத்தி இருக்கிற குட்டி நட்சத்திரங்களோட தூசித் தட்டுகள் வால் முளைச்ச மாதிரி தெரிஞ்சுது. அந்தத் தட்டுகள்லதான் நாளைக்குக் கிரகங்கள் உருவாகணும். ஆனா 'சி'யோட புற ஊதா வெளிச்சம் அதை ஆவியாக்கிக்கிட்டே இருக்கு. தட்டு கரையறதுக்குள்ள கிரகம் உருவாகிடுமா? அங்கே நடக்கறது ஒரு ரேஸ். நம்ம சூரியனும் ஒரு கூட்டத்துலதான் பிறந்திருக்கணும்னு விஞ்ஞானிகள் நினைக்கிறாங்க. அப்படின்னா, அந்த ரேஸ்ல ஜெயிச்ச பார்ட்டிதான் பூமி!

ஆனா இவங்களை வில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. நம்ம ஊர் முத்தை எடுத்துக்குங்க. இங்கே கடைசியா முத்துக்குளித்தல் நடந்தது 1961-ல. 1973-ல இதே தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டுச்சு. அந்த முத்து பெரும்பாலும் என்ன? கால்சியம் கார்பனேட். அதுல இருக்கிற ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் சமைச்சது, சூரியன் பிறக்கறதுக்கு முன்னாடியே வாழ்ந்து வெடிச்ச இந்த மாதிரி கனத்த நட்சத்திரங்கள். கால்சியமும் நட்சத்திர வெடிப்புகள்ல வந்ததுதான். 'சி'யும் இன்னும் சில பத்து லட்சம் வருஷத்துல அந்த வழியிலதான் போகும்.

"இதைப் படிச்சா பிளேஸ்மென்ட் வருமா மச்சி?"

கேன்டீன்ல இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். வானியல்னா வெளிநாட்டு சமாச்சாரம்னு ஒரு நினைப்பு நமக்கு. ஜவ்வாது மலையில காவலூர்னு ஓர் ஊர். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடியோட நிக்குது வைணு பாப்பு டெலஸ்கோப். 1986-ல திறந்தாங்க. வடிவமைச்சது, கட்டினது எல்லாம் நம்ம நாட்டுலயே. அதைத் துல்லியமா திருப்புறது மெக்கானிக்கல், சிக்னலைப் பிடிக்கிறது ஈ.சி.இ., டேட்டாவைப் பிரிச்சு மேயறது கம்ப்யூட்டர் சயின்ஸ்.

ஹாட் ஸ்டார்களோட புற ஊதாக் கதிரை நம்ம காற்று மண்டலம் வடிகட்டிடும். அதனால 2015-ல இஸ்ரோ அனுப்பின அஸ்ட்ரோசாட்ல அதுக்குன்னே ஒரு டெலஸ்கோப் போச்சு. நம்ம மாவட்டத்துலயே குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு. வாசல் வரைக்கும் வந்தாச்சுங்க!

நமக்கு இன்னொரு லக்கும் இருக்கு. லண்டன்காரனுக்கு ட்ரபீசியம் அடிவானத்துல இருந்து 33 டிகிரிக்கு மேல ஏறவே ஏறாது. தூத்துக்குடியில 76 டிகிரி! ஆனா, அந்த அதிர்ஷ்டத்தை நாமளே கெடுத்துக்கறோம். துறைமுக ஃப்ளட்லைட், தெருவிளக்கு, விளம்பரப் பலகைன்னு பாதி வெளிச்சம் வானத்துக்குத்தான் போகுது. ராத்திரி வேலை நடக்கிற இடத்துக்கு வெளிச்சம் வேணும், மறுக்கலை. ஆனா விளக்குக்கு மேல ஒரு மூடி போட்டு, ஒளியைத் தரைக்குத் திருப்பினா போதும். கரன்ட்டும் மிச்சம், வானமும் மிச்சம். ட்ரிப்பிள்-ஈ மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு ரெடி!

2006-ல இருந்து 'குளோப் அட் நைட்'னு ஒரு முயற்சி நடந்துக்கிட்டு இருக்கு. உலகம் பூரா சாதாரண மக்கள், ஓரியன் மாதிரி கூட்டங்கள்ல தங்கள் ஊர்ல எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரைக்கும் தெரியுதுன்னு பார்த்துப் பதிவு செய்யறாங்க. நீங்களும் ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு தடவை, ஊருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ரெண்டு கணக்கையும் நோட்டுல எழுதி வைங்க. வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு வானத்தை நாம தொலைச்சிருக்கோம்.

இன்னிக்கு உங்க கண்ணுல படற அந்த வெளிச்சம் கிளம்பி சுமார் 1,300 வருஷம் ஆச்சு. அப்போ மதுரையில பாண்டியர் ஆட்சி. அவ்வளவு தூரம் ஓடி வந்த விருந்தாளியைக் கடைசி நூறு அடியில ஒரு தெருவிளக்கு வழிமறிக்கலாமா? சொல்லுங்க!