கணினிக்குப் பெயர் வைத்தது யார்?

மாணவர்களே, பள்ளிக் கணினிக் கூடத்தில் 20 பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முடித்துவிட்டுப் பார்த்தால் ஐந்து கணினிகளுக்கு ஒரே பெயர்! இன்னும் இரண்டு, தங்கள் பெயர் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்கின்றன. கதவைத் தட்டியவரிடம் “யார்?” என்று கேட்டால் “நான்தான்” என்பாரே, அதைப் போன்ற பெயர் அது. எல்லாக் கணினியும் தன்னைத்தானே அப்படித்தான் அழைத்துக்கொள்ளும்.

இது வெறும் வேடிக்கை இல்லை. ஆசிரியர் தம் மேசையிலிருந்தே, பெயரைக் குறிப்பிட்டு ஒரு கணினியிலுள்ள கோப்புகளை அழிக்கிறார். அதே பெயருள்ள இன்னொரு கணினியில் உங்கள் இடுபணி இருந்தால் என்ன ஆகும்?

பேரா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் வேலை செய்த தாத்தா பாட்டியிடம் ‘பெரட்டு’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விடியுமுன் எல்லாரும் கூடி நிற்பார்கள். செக்ரோலைப் பார்த்துப் பெயர் வாசிப்பார்கள். யாருக்கு எங்கே வேலை என்பதும் அங்கேதான் தெரியவரும். வலையமைப்பில் அந்தக் கிராணி வேலையைப் பார்ப்பது டிஎச்சிபி சேவையகம். சிறிய வலையமைப்பில் அது ரவுட்டருக்குள்ளேயே இருக்கும்.

கணினி வலையமைப்பில் சேர்ந்ததும் “எனக்கு ஒரு முகவரி வேண்டும்” என்று கேட்கும். சேவையகம் ஓர் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு இரவல் கொடுக்கும். கூடவே ஒரு பெயரையும் அனுப்பலாம். அதற்கென்றே அந்தச் செய்தியில் 12ஆம் எண் பகுதி உண்டு. பெயர் வராவிட்டால் டெபியன் லினக்ஸின் நிறுவல் நிரல் டிஎன்எஸ் சேவையகத்திடம் போகும். வழக்கமாகப் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் இடம் அது. இங்கோ முகவரியைச் சொல்லிப் பெயர் கேட்கிறது. அங்கும் பதில் இல்லையென்றால், ‘டெபியன்’ என்ற பொதுப்பெயரைத் திரையில் காட்டும். படிக்காமலே ‘என்டர்’ தட்டிக்கொண்டு போனால் எல்லாமே ‘டெபியன்’தான்.

நிறுவும்போது வரும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதிய கோப்பைக் கொடுத்து, ஆள் இல்லாமலே நிறுவவும் முடியும். பலர் தடுமாறுவது இங்கேதான். கோப்பில் வழக்கமான இடத்தில் பெயர் எழுதினால் கேள்வி வராது, உண்மைதான். ஆனால் டிஎச்சிபி ஒரு பெயர் அனுப்பினால் அதுவே வெல்லும். நாம் எழுதியதே நிலைக்க வேண்டுமென்றால், கட்டாயப் பெயருக்கென உள்ள தனி வரியில் எழுத வேண்டும். கையேட்டைப் பொறுமையாகப் படித்தால்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும்.

தவறான பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள். வைஃபை இருந்தால் அதையும் அணையுங்கள். பெயர் பொதுப்பெயராக மாறினால், முன்பு பெயர் கொடுத்தது வலையமைப்பு. ரவுட்டரில் பழைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாறாவிட்டால் அது வட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கணினியின் வட்டை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் போட்டால், பெயரும் சேர்ந்தே நகலாகிவிடும்.

அப்போது ‘இடிசி’ கோப்புறையில் உள்ள ‘ஹோஸ்ட்நேம்’ கோப்பில் பெயரை மாற்றுங்கள். பக்கத்திலேயே ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற இன்னொரு கோப்பு இருக்கும். பழைய பெயர் அதிலும் இருந்தால் மாற்ற வேண்டும். மறந்தால், ‘சூடோ’ கட்டளை கொடுக்கும்போது “இந்தப் பெயரைக் கண்டறிய முடியவில்லை” என்று கணினி முணுமுணுக்கும்.

இந்த ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்புக்குப் பெரிய வரலாறு உண்டு. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில்தான் இருந்தன. அமெரிக்காவில் ஓர் அலுவலகம் அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக அந்த ஒற்றைப் பேரேடு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார்.

உங்கள் கூடத்துக் கணினிகளுக்கு ஈப்போ-01, தைப்பிங்-02, கம்பார்-03 என்று ஊர்ப்பெயர் வைக்கலாம். ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவை மட்டுமே செல்லும். இடைவெளியும் அடிக்கோடும் கூடாது. சிறுகோட்டில் தொடங்கவோ முடிக்கவோ கூடாது.