ஃப்ரீசரில் பத்து நாள் சாப்பாடு

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அம்மாவுக்கு ஒரே நாளில் பத்து நாள் சமையலை முடித்து, ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் இன்று நிறைய. நல்ல ஏற்பாடுதான். 'பழையதையா கொடுக்கிறாய்?' என்று முகம் சுளிக்கும் உறவினர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால், உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். வளராமல் அப்படியே கிடக்கும்; உணவு இளகியதும் மறுபடி பெருகத் தொடங்கும்.

அதிகம் ஏமாற்றுவது சோறு. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். வடித்த சோறு பானையிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு, பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் போகாது. வயதானவர்களுக்கு மோப்பம் குறைந்திருக்கும் என்பதால் கெட்ட வாடையும் தெரியாது. எனவே சோற்றையும் சாம்பாரையும் அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்ற கணக்கில் உள்ளே வைத்துவிடுங்கள். டப்பாவின் மேல் உணவின் பெயரையும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இட்லி, பருப்பு, ரசம் தாங்கும். உருளைக்கிழங்கு சொதசொதவென்று ஆகிவிடும்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு இது எட்டாது. ஐஸ்கிரீம் கல்லாக இறுகாவிட்டால், அந்த ஃப்ரீசரை நம்பிப் பத்து நாளைக்கு வைக்காதீர்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்கக் கூடாது. நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். புயலடிக்கும் ஊர்க்காரர்கள் இதை அப்பா அம்மாவிடம் சொல்லி வைப்பது நல்லது. இளக வைப்பது முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். சாம்பாரைத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். மிஞ்சியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வந்து நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். முதுமையில் உடம்பின் நீர் சீக்கிரம் வற்றும்.

சமைத்துத் தர ஆளில்லாமல் வெளியே வாங்குகிறீர்களா? வீட்டிலிருந்து விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. உறைநிலைக்கே போகாத ஃப்ரீசரை விற்றுவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால் 1915-இல் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

டப்பாவும் வராமல், பிள்ளைகளும் எட்டிப் பார்க்காத வீடுகள் இருக்கின்றன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, உணவையும் பராமரிப்பில் சேர்த்தே சொல்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பெற்றவரால் போக முடியாவிட்டால், அவர் அதிகாரம் அளிக்கும் அக்கம்பக்கத்தவரும் கொடுக்கலாம். வழி கேட்க, முதியோர் உதவி எண் 14567.