உஷார்! வேதாகமமும் சூதாட்டமும் ஒரே போனில்

சாணார்பட்டி விசுவாசிகளே, உஷார்! ஞாயிறு ஆராதனையில் வசனம் தேடித் திறக்கிற அதே போனுக்குள்தான் சூதாட்டமும் காத்திருக்கிறது. "அதைத்தான் தடை பண்ணியாச்சே!" என்கிறவர்களை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

லாட்டரிக்கு 2003-லேயே தமிழ்நாட்டில் தடை வந்தது. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-ல் அமலானது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் உயர் நீதிமன்றம் நீக்கியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் எதிராக 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் நிறுத்திக்கொண்டன. வெளிநாட்டிலிருந்து நடத்துகிறவர்களோ டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் லிங்க் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ஜெயிக்க விடுவார்கள். நூறு போட்டால் இருநூறு, அதுவும் உடனே கணக்கில் ஏறும். தூண்டிலில் புழு அதுதான். பிறகு விட்டதைப் பிடிக்க ஆட்டம், ஆட்டத்துக்காகக் கடன் செயலி, கடனை மறைக்க மனைவியிடம் பொய். அதற்கும் அடுத்தபடியாகக் கை போகும் இடம் சங்கப் பணம். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசை வாங்கியது கடைசியில்தான். பணப்பையை வைத்திருந்த நாட்களிலேயே அதிலிருந்து எடுத்துவந்தான் என்கிறது யோவான் 12-ஆம் அதிகாரம். காணிக்கையோ மாதர் சங்கச் சேமிப்போ, எதையும் ஒரே ஆளின் ஜிபே கணக்கில் விட்டுவைக்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

இதைவிடக் கொடுமை, ஜெபித்துவிட்டு ஆடுவது. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசனத்தைக் காட்டி, "இந்த வருஷம் கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார்" என்று பணம் கட்டுவது! தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சாத்தானும் வசனத்தைக் காட்டித்தான் இயேசுவிடம் பேசினான். நாற்பது நாள் உபவாசத்தில் பசித்திருந்த வேளை பார்த்து வந்தான். உங்களிடமும் அப்படித்தான் வருவான்: மாங்காய்க் காய்ப்பு பொய்த்த வருஷத்தில், மில்லில் வேலை குறைந்த மாதத்தில், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில்.

"நான் பலமான விசுவாசி, ஒரு தடவை ஆடிப் பார்த்துட்டு விட்டுடுவேன்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். போத்திபார் வீட்டில் யோசேப்பு தன் பலத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. போத்திபாரின் மனைவி பிடித்து இழுத்தபோது, அவள் கையில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். லிங்க் வந்தால் திறக்காமலே அழியுங்கள், அனுப்பிய எண்ணைத் தடை செய்யுங்கள். ஏற்கெனவே ஆடுகிறீர்களா? செயலியை நீக்கி, யுபிஐ வரம்பைக் குறைத்து, இன்று இரவே வீட்டில் சொல்லுங்கள். கட்டிய பணத்தைத் தராமல் ஏமாற்றினால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பிறகு பாஸ்டரிடமோ ஒரு மூப்பரிடமோ போய் முழுத் தொகையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐயா, பாஸ்டர்களே, மூப்பர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுதல். அப்படி வந்து அழுகிறவன் பெயரை "ஜெபக் குறிப்பு" என்று கூட்டத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். ஒரே ஒரு தடவை அது நடந்தாலும் அடுத்து விழுகிறவன் சபைப் பக்கம் வாயே திறக்க மாட்டான். கடன் செயலிக்காரனிடம் மட்டும்தான் பேசுவான்.