பேறுகால மனநலம்: கிராமச் செவிலியருக்கு என்ன பயிற்சி தேவை?

கருவுற்றது முதல் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை தாய்க்கு வரும் மனநலச் சிக்கல்கள் அனைத்தும் பேறுகால மனநலக் குறைபாடுகள் எனப்படுகின்றன. உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கும், பிள்ளை பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும் இவை வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வளரும் நாடுகளில் இந்த அளவு முறையே 15.6, 19.8 சதவீதம். இரத்த அழுத்தம், சர்க்கரை போலவே கர்ப்பத்தின்போது தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவை இவை. கண்டுபிடித்தால் குணப்படுத்தவும் முடியும்.

பிரசவமான மூன்றாம் நாளையொட்டிக் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் கொள்வதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாரிடம் காணப்படும். ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அது தானாகவே அடங்கிவிடும். சோகமும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். மூன்றாவது வகை, ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் மனப்பிறழ்வு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்கும். தூக்கம் அறவே போய்விடும், பேச்சு குழறும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றும். கிராமங்களில் இதைச் சன்னி என்றும் காத்துக் கருப்பு என்றும் சொல்லி மந்திரிக்க அழைத்துப் போவதுண்டு. தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தான அவசர நிலை இது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தமிழகக் கிராமப்புறத்தின் நிலையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. கணியம்பாடி வட்டாரத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகள் 359 பேரைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றனர். ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. 11 சதவீதம் பேருக்கு அது பிரசவத்துக்குப் பிறகு புதிதாக வந்திருந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்பத்தின்போது நேர்ந்த இழப்புகள், கைக்கு உதவ ஆள் இல்லாமை ஆகியவை நோயோடு தொடர்புடையனவாகத் தெரியவந்தன. இவற்றில் எதுவும் இரத்தப் பரிசோதனையில் தெரியாது. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசுகிறவருக்குத்தான் தெரியும்.

அப்படி வீட்டுக்குள் போகும் வாய்ப்பு தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியருக்கு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசலை அடுத்த அன்னவாசலைப் போன்ற வட்டாரத்தில் மனநல மருத்துவரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டும். செவிலியரோ ஊர் தேடி வருகிறார். குழந்தை பிறந்ததிலிருந்து 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்கான வீட்டுச் சந்திப்புகள் திட்டமிடப்பட்டுள்ளன. அதன்பின் ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் வருகின்றன. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டமும் பெண்களைத் தொடக்கத்திலேயே பதிவுசெய்ய வைக்கிறது. இத்தனை சந்திப்புகளிலும் குழந்தையின் எடையும் தாயின் இரத்த அளவும் ஏட்டில் ஏறுகின்றன. தாயின் மனநிலையும் அதே ஏட்டில் ஏற வேண்டும் என்பதே பயிற்சியின் நோக்கம்.

பயிற்சியின் முதற்பகுதி, நோயின் மொழியைப் புரிந்துகொள்வது. மனச்சோர்வு என்ற சொல்லோடு எந்தத் தாயும் வருவதில்லை. தலைப்பாரம், உடம்பு அசதி, நெஞ்சுப் படபடப்பு, பால் ஊறவில்லை, பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதேபோன்ற அசதியைத் தருவதால் அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். ஆனால் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது.

இரண்டாம் பகுதி, கேட்கும் முறை. மாமியாரும் கொழுந்தியாளும் சூழ நிற்கையில் எந்த மருமகளும் மனம் திறக்க மாட்டாள். "அம்மா, பிள்ளையைக் கொஞ்சம் வச்சிருங்க, தையலைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினால் ஐந்து நிமிடத் தனிமை கிடைக்கும். "ராத்திரி பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதாம்மா?" என்பது அங்கே கேட்க ஏற்ற கேள்வி. பிள்ளை விழித்திருப்பதால் தூங்க முடியாதது இயல்பு. பிள்ளை தூங்கியும் தாய்க்குக் கண் மூடாதது நோயின் அடையாளமாக இருக்கலாம். கடந்த ஒரு மாதமாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலாவது விருப்பம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளும் முதற்கட்டச் சோதனைக்குப் பயன்படுகின்றன.

அடுத்த கட்டத்துக்கு, மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ அளவுகோல் உண்டு. ஜான் காக்ஸ் குழுவினர் 1987-இல் வெளியிட்ட இதில் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். இதன் தமிழ் வடிவம் 2005-இல் சரிபார்க்கப்பட்டது. ஆங்கிலத்தில் 13-ஐ எல்லையாகக் கொள்வது வழக்கம். தமிழ்த் தாய்மாரிடம் 9 வந்தாலே மேல்விசாரணை தேவை என்று அந்த ஆய்வு கண்டது. பத்தாவது கேள்வி, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், இதற்கு மட்டும் ஆம் என்ற பதில் வந்தால் அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இதைப் பயிற்சியில் வாயால் கேட்டுக் கேட்டே பழக வேண்டும். படித்து மட்டும் வராது.

மூன்றாம் பகுதி சிகிச்சை. மனநல மருத்துவர் அல்லாதோரும் இதில் பெரும்பங்கு ஆற்ற முடியும் என்பதற்குப் பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்கள் சான்று. அதிஃப் ரஹ்மான் குழுவினர் அங்கே பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தந்தனர். நிறைமாதம் தொடங்கி 16 முறை வீட்டுக்குச் சென்று, தாயின் அவநம்பிக்கை எண்ணங்களை இனங்கண்டு மாற்றவும், குடும்பத்தாரின் உதவியைத் திரட்டவும் அவர்கள் கற்றனர். 2008-இல் வெளியான முடிவின்படி, ஆறாம் மாதத்தில் இப்பயிற்சி பெற்றவர்களின் கவனிப்பில் இருந்த தாய்மாரில் 23 சதவீதம் பேரிடமே மனச்சோர்வு நீடித்தது. மற்றவர்களில் அது 53 சதவீதம். இதே முறையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கையேடாக்கியது. கோவாவில் சங்காத் அமைப்பு, ஊர்ப் பெண்களையே தன்னார்வலர்களாக்கி இதைச் சோதித்தது.

நோய் கடுமையானால் மருந்து தேவை. பாலூட்டும் தாய்க்குச் செர்ட்ராலின் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் தரலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. வால்புரோயேட் என்ற மனநல மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பத்தில் தவிர்க்கப்படுகிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெண் கருவுற்றதும் தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளச் சொல்வது செவிலியரின் பொறுப்பு. தாயையும் சேயையும் பிரிக்காமல் சிகிச்சை தர பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2009 முதல் தனிப் பிரிவு நடத்துகிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது.

கண்டுபிடித்த தாயை எங்கே அனுப்புவது என்று தெரியாத செவிலியர் அடுத்தமுறை கேள்வியே கேட்க மாட்டார். ஆகவே வழித்தடம் பயிற்சிக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அன்னவாசல் வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மாவட்ட மனநலத் திட்டக் குழு, 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி என்ற வரிசையில் அது அமையலாம். எந்நேரமும் மனநல ஆலோசனைக்குப் பேச 14416, அவசரத்துக்கு 108 ஆகிய எண்கள் உள்ளன.

இன்னொரு இடைவெளியும் கவனிக்கத்தக்கது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்புகிறாள். உதவிக்கு இருந்த கைகள் விலகும் நேரமும், பார்த்துவந்த செவிலியர் மாறும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் அரசின் பிக்மி இணையத் தளத்தின் பதிவு எண் வழியாகத் தடுப்பூசி விவரம் ஊர் மாறிப் போவது போல, தாயின் மனநிலைக் குறிப்பும் இரகசியம் காத்துப் போய்ச் சேர வேண்டும். மாதம் ஒருமுறை மருத்துவர் ஒருவர் செவிலியர்களோடு அமர்ந்து, அவர்கள் சந்தித்த தாய்மாரைப் பற்றிக் கலந்து பேசுவதும் அவசியம். ராவல்பிண்டியில் பயிற்சியோடு இந்த மாதாந்திர மேற்பார்வையும் சேர்ந்தே நடந்தது. ஒருநாள் வகுப்பில் கற்றது பழக்கமாவதற்கும், கேட்ட துயரங்களின் சுமையைச் செவிலியர் தனியே தாங்காமல் இருப்பதற்கும் வேறு வழியில்லை.