பக்கத்து பெஞ்சில் ஓர் ஆசிரியர்

நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட ஓர் இரும்புத் தகடு. அதை எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடாக்குகிறோம். ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா, அப்படியே இருக்குமா? மேலே படிப்பதற்கு முன் ஒரு விடையை மனத்துக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரிடமும் கேளுங்கள். அவர் வேறு விடை சொன்னால் இன்னும் நல்லது.

ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் தம் உரைகளில் அவையோரிடம் கேட்கும் கேள்வி இது. 1984-இல் அங்கே பாடம் நடத்தத் தொடங்கியவர். மாணவர்கள் அவரை நல்ல ஆசிரியர் என்றே மதிப்பிட்டார்கள். கடினமான கணக்குகளையும் தேர்வில் போட்டார்கள். 1990 வாக்கில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹல்லூன், ஹெஸ்டெனெஸ் இருவரும் எழுதிய கட்டுரைகள் அவர் கண்ணில் பட்டன. ஒரு பருவம் முழுக்க இயற்பியல் படித்த பிறகும், விசை என்றால் என்ன, இயக்கம் என்றால் என்ன என்பது பற்றி மாணவர்கள் முன்பு நினைத்திருந்ததையே பெரும்பாலும் நினைக்கிறார்கள் என்று அவை சொல்லின. தம் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு மாசூர் அந்தக் கட்டுரைகளில் இருந்த தேர்வையே தம் வகுப்பிலும் வைத்தார். லாரியும் காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற, சூத்திரமே தேவைப்படாத கேள்விகள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டார். அந்தக் கேள்வியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. விடைத்தாள்களும் அதையே காட்டின. இரண்டு விசைகளும் சமம் என்ற நியூட்டனின் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே லாரியின் விசைதான் அதிகம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தத் தேர்வின் கேள்வி ஒன்றை வகுப்பில் விளக்க முயன்றார் மாசூர். ஒரு வழியில் சொன்னார், முகங்களில் குழப்பம். இன்னொரு வழியில் சொன்னார், குழப்பம் கூடியது. வேறு வழி தெரியாமல், ஒருவருக்கொருவர் பேசிப் பாருங்கள் என்றார். அரங்கமே இரைச்சலானது. சில நிமிடங்களில் பலருக்கும் விடை பிடிபட்டிருந்தது.

இதிலிருந்துதான் சகமாணவர்வழிக் கற்றல் என்ற முறையை அவர் உருவாக்கினார். 1997-இல் அதற்கு ஒரு கையேடும் எழுதினார். ஆசிரியர் ஒரு கேள்வி வைப்பார். மாணவர் ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல் யோசித்து ஒரு விடைக்கு வாக்களிக்க வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை சொன்னவரைத் தேடிப் பிடித்து வாதாட வேண்டும். பிறகு மறுபடி வாக்கு. ஆசிரியர் விளக்குவது அதற்கும் பிறகுதான்.

அந்த வாதம் எப்படிப் போகும்? தகட்டையே எடுத்துக்கொள்வோம். “சூடானால் இரும்பு விரியும், விரிந்து ஓட்டைக்குள் வரும், அதனால் ஓட்டை சிறிதாகும்” என்பார் ஒருவர். மற்றவர் கேட்பார்: “ஓட்டையே போடாத தகட்டில் ஒரு வட்டம் வரைந்து சூடாக்கினால் அந்த வட்டம் என்ன ஆகும்?” வட்டம் பெரிதாகும். வட்டத்துக்கு வெளியே உள்ள இரும்பும் கூடவே விரிகிறது. உள்ளே உள்ள துண்டை முதலிலேயே வெட்டி எடுத்திருந்தாலும் வெளிப்பகுதி அப்படித்தான் விரியும். ஆக, ஓட்டையும் பெரிதாகும். மாட்டுவண்டியின் மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டை ஏற்றுவதைப் பார்த்தவருக்கு இன்னும் வலுவான சான்று கையில் இருக்கிறது. சக்கரத்தைவிடச் சற்றே சிறிய பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார்கள்; ஆறியதும் அது இறுகிக்கொள்ளும்.

நண்பன் சொன்னால் புரிவது ஏன்? மாசூர் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பேராசிரியர் ஒரு கருத்தைப் புரிந்துகொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கே தடுக்கும் என்பது அவருக்கு மறந்தே போயிருக்கும். மாணவரோ இப்போதுதான் அந்த இடத்தைத் தாண்டி வந்திருக்கிறார்.

கெட்டிக்கார நண்பன் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் கையை மாற்றித் தூக்குகிறார்கள், அவ்வளவுதானே என்று சந்தேகிக்கலாம். நியாயமான சந்தேகம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் படித்த சுமார் 350 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஆய்வு 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விவாதம் முடிந்ததும், அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாவது கேள்வியை ஒவ்வொருவரும் தனியாக எழுதினார்கள். முதலில் தவறாகச் சொல்லி, விவாதத்துக்குப் பின் திருத்திக்கொண்டவர்களில் 77 சதவீதம் பேர் அதற்குச் சரியாக விடையளித்தார்கள். வெறுமனே பார்த்து எழுதியிருந்தால் இது நடக்காது. சரியான விடை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத குழுக்களாலும் பேசிப் பேசியே அதைக் கண்டடைய முடிந்தது என்பதுதான் அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. யாருக்கும் தெரியாத ஒன்று பேச்சிலிருந்து பிறக்கிறது!

இதில் கருவிக்கு என்ன வேலை? கிளிக்கர் என்ற சிறு வாக்குப்பொறி அமெரிக்க வகுப்பறைகளில் வேகமாகப் பரவியது. கனடாவில் நத்தானியேல் லாஸ்ரி என்ற ஆய்வாளர், கிளிக்கர் வைத்திருந்த வகுப்பையும் வெறும் அட்டையைத் தூக்கிக் காட்டிய வகுப்பையும் ஒப்பிட்டு 2008-இல் எழுதினார். கற்றலில் வேறுபாடு இல்லை. ஆனாலும் ரகசிய வாக்குக்கு மதிப்பு உண்டு. கையைத் தூக்கச் சொன்னால் கண்கள் முதல் பெஞ்சைத் தேடும். கருவி கெடுதல் செய்யும் இடமும் உண்டு. விவாதத்துக்கு முன்பே வாக்கு வரைபடத்தைத் திரையில் காட்டினால், மாணவர்கள் பெரும்பான்மை பக்கம் சாய்கிறார்கள் என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வாளர்கள் கண்டார்கள். திரையைச் சற்று நேரம் அணைத்துவைப்பதும் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலைதான்.

மாணவர் கையில் போன் இல்லாத பள்ளிக்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலி பொருந்தும். ஒவ்வொருவருக்கும் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை. எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுவே விடை. ஆசிரியரின் போன் காமிரா வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்து எல்லா விடைகளையும் படித்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலும் சட்டென்று புரியாது.

உண்மையில் கடினமானது கேள்வி எழுதுவது. தவறான விடைகள் மாணவர்கள் மெய்யாகவே நம்புகிற தவறுகளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாதாட எதுவும் இருக்காது. ஹல்லூனும் ஹெஸ்டெனெஸும் தங்கள் தேர்வுக்காக முதலில் விடைகளே தராமல் மாணவர்களைச் சொந்த வார்த்தைகளில் எழுதவைத்து, அடிக்கடி வந்த தவறுகளை எடுத்துத்தான் விடைப்பட்டியல் அமைத்தார்கள். அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் எந்த ஆசிரியர் முன்னாலும் அந்த மூலப்பொருள் கட்டுக்கட்டாக இருக்கிறது.