சிகிச்சை பெறாத உளப்பிணிக் காலம்

சிகிச்சை பெறாத உளப்பிணிக் காலம் என்பது, ஒருவரிடம் உளப்பிணியின் தெளிவான அறிகுறிகள் முதன்முதலாகத் தோன்றியதற்கும், அதற்குரிய மருத்துவம் தொடங்கப்படுவதற்கும் இடைப்பட்ட காலம் ஆகும். இல்லாத குரல்கள் கேட்டல், பிறர் தனக்குத் தீங்கு செய்யச் சூழ்கின்றனர் என அசைக்க முடியாதபடி நம்புதல் முதலியவை தோன்றி, மெய்ந்நிலையுடனான தொடர்பு குலைவதே உளப்பிணி எனப்படுகின்றது. மனச்சிதைவு நோய் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இந்நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகின்றன. கல்வியும் முதல் வேலையும் நட்பும் அமையும் ஆண்டுகளும் இவையே. எனவே இக்காலம் நீளும்போது இழக்கப்படுவது உடல்நலம் மட்டும் அன்று.

அளவிடுதல்

நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பின்னோக்கி வினவியே இக்காலம் கணக்கிடப்படுகின்றது. "எப்போது தொடங்கியது?" என்ற வினாவுக்குத் தாய் ஒரு விடையும் தமையன் வேறொரு விடையும் கூறுவது இயல்பு. மேலும், சிலர் ஆண்டுக்கணக்கில் சிகிச்சையின்றி இருப்பதால் சராசரி பெரிதும் உயர்ந்து விடுகின்றது. ஆகவே ஆய்வாளர்கள் இடைநிலை அளவையே, அதாவது வரிசையின் நடுவில் நிற்பவரின் காலத்தையே, பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

நீள்வதற்கான காரணங்கள்

நோய் ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. இரவும் பகலும் மாறிய உறக்கம், நண்பர்களைத் தவிர்த்தல், மதிப்பெண் குறைதல், குளிக்காமை, காரணமற்ற ஐயம் எனச் சிறிது சிறிதாகத் தோன்றுகின்றது. இவற்றுள் ஒவ்வொன்றும் நலமுள்ள இளைஞரிடமும் காணப்படக் கூடியதே. அதனாலேயே குடும்பத்தார் சோம்பல், காதல் தோல்வி, தேர்வு அச்சம் என ஒரு விளக்கத்தைக் கண்டு அமைகின்றனர். வீட்டு உணவில் நஞ்சு கலந்திருப்பதாகக் கூறி உண்ண மறுத்தல், தனிமையில் எவருடனோ உரையாடுதல் ஆகியவை தொடங்கிய பின்னரும் செய்வினை, பேய் பிடித்தல் என்ற விளக்கங்கள் எஞ்சியிருக்கின்றன. "கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று திருமணம் முடித்து வைப்பதும் உண்டு. இது இரண்டு குடும்பங்களுக்குத் துன்பம் விளைவிப்பது. நோயுற்றவர் தாம் நோயுற்றிருப்பதை உணராமை மற்றொரு தடை. குரல் உண்மையாகவே கேட்கின்றது என்பவர் மருத்துவரைத் தாமாக நாடுவது அரிது.

விளைவு பற்றிய விவாதம்

1986 இல் வெளியான இங்கிலாந்தின் நார்த்விக் பார்க் ஆய்வு, ஓராண்டுக்கு மேல் சிகிச்சையின்றி இருந்தவர்களுக்கு நோய் மீண்டும் வருவது மிகுதி எனக் காட்டியது. 1992 இல் மெல்பேர்ண் நகரில் முதல் உளப்பிணிக்கென இளைஞர்களுக்கான தனிச் சேவை தொடங்கப்பட்டது. 2005 இல் வெளியான தொகுப்பாய்வுகள், நீண்ட தாமதத்துக்கும் குறைந்த குணத்துக்கும் தொடர்பு உண்டு என்றன.

எனினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. மெல்ல மெல்லத் தொடங்கும் நோய் இயல்பாகவே கடினமானது. அதுவே தாமதமாகக் கண்டறியப்படுவதும் ஆகும் என ஒரு சாரார் வாதிடுகின்றனர். இவ்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. இதனைச் சோதிக்க வேண்டுமாயின் ஓர் ஊரில் தாமதத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

நோர்வேயின் டிப்ஸ் திட்டம்

நோர்வேயின் ரூகலாண்ட் மாவட்டத்தில் 1997 முதல் 2000 வரை இதுவே செய்யப்பட்டது. செய்தித்தாள், வானொலி, திரையரங்கு ஆகியவற்றில் உளப்பிணியின் அறிகுறிகள் விளம்பரம் செய்யப்பட்டன. ஆசிரியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பரிந்துரைக் கடிதம் ஏதுமின்றி எவரும் தொலைபேசியில் அழைக்கக் கூடிய கண்டறியும் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒப்பிடுவதற்கென ஒஸ்லோவின் ஒரு பகுதியும் டென்மார்க்கின் ரொஸ்கில்டேயும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ரூகலாண்டில் சிகிச்சை பெறாத காலத்தின் இடைநிலை 5 வாரங்களாகவும் ஏனைய இடங்களில் 16 வாரங்களாகவும் இருந்தது.

பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் நோக்கியபோது, ஆய்வில் தொடர்ந்து இருந்தோருள் ரூகலாண்டுப் பகுதியில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும் ஒப்பீட்டுப் பகுதிகளில் 15 விழுக்காட்டினரும் மீட்சி பெற்றிருந்தனர். மீட்சி என்பது இங்கு அறிகுறிகள் தணிவது மட்டுமன்று, வேலையும் தன்னிச்சையான வாழ்வும் சேர்ந்ததாகும்.

இத்திட்டத்தின் மிக முக்கியமான பாடம் அது நின்ற பிறகே கிடைத்தது. விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன; கண்டறியும் குழுக்கள் முன்போலவே பணியாற்றின. ஆயினும் சில ஆண்டுகளில் இடைநிலைக் காலம் 15 வாரங்களாக உயர்ந்தது. கதவு திறந்தே இருந்தது, கதவு இருப்பதை ஊர் மறந்துவிட்டது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் முதலில் நாடும் இடம் மருத்துவமனையாக இருப்பதில்லை. திருச்சிக்கு அண்மையிலுள்ள குணசீலம் கோயிலும் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவும் மனநோய் தீர்க்கும் இடங்களாக நெடுங்காலமாக அறியப்பட்டவை. வழிபாடு ஆறுதல் தருவதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவம் இன்றிக் கழியும் மாதங்களும் சிகிச்சை பெறாத காலமே ஆகும். 2001 ஆகத்து 6 ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கின்றது.

குடும்பம் தாமதத்துக்குக் காரணமாவது போலவே குணத்துக்கும் காரணமாகக் கூடும். சென்னையில் 1984 இல் நிறுவப்பட்ட மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ப், கனடாவின் மொன்றியால் நகர ஆய்வாளருடன் இணைந்து, முதல் உளப்பிணிக்குச் சிகிச்சை பெற்றவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2020 இல் வெளியான முடிவுகளின்படி, ஆர்வமின்மை, பேச்சுக் குறைதல் போன்ற அறிகுறிகள் சென்னையில் கூடுதலாகத் தணிந்தன. அங்கு குடும்பத்தார் சிகிச்சையில் மிகுதியாகப் பங்கு கொண்டதும் பதிவாகியுள்ளது.

உதவி பெறுதல்

அறிகுறிகள் ஐயத்துக்கு இடமளிக்கும்போது, நோய்ப்பெயர் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நோயுற்றவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் தாமே சென்று மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு. இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் 14416 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை வழங்கப்படுகின்றது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926 ஆகும்.