பரணில் உறங்கும் இசைத்தட்டுகள்

பிழைப்பை நாடி ஊர் விட்டு வரும் குடும்பம் எல்லாவற்றையும் உடன் எடுத்து வர இயலாது. வீட்டையும் கிணற்றையும் திண்ணையையும் விட்டுத்தான் வர வேண்டும். எனினும், பெங்களூருக்கு வந்து நிலைத்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு இடையே வைத்துக் கொணர்ந்த பொருள் ஒன்று உண்டு. அது இசைத்தட்டு. அலசூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனையோ இல்லங்களின் பரண்களில் இத்தகைய தட்டுகள் உறங்குகின்றன. பாடவைக்கும் கருவி பழுதுற்றது, கேட்பாரும் குறைந்தனர். அடுத்த முறை வீடு மாற்றும்போது, பழைய பொருள் வாங்குபவரின் தராசுக்குப் போக அவை காத்திருக்கின்றன.

இத்தட்டுகளில் உள்ள பாட்டை வீட்டுக் கணிப்பொறியில் ஏற்றிக் காக்கலாம் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், எவ்வாறு ஏற்றுவது, யாரை அருகில் அமர்த்திக்கொண்டு ஏற்றுவது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாங்களும் தொடக்கத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் ஒரு தட்டை இழந்தோம்.

அது எங்கள் அன்னையாருக்கு அவருடைய தந்தையார் கும்பகோணத்தில் வாங்கித் தந்த தட்டு. பல்லாண்டுத் தூசி படிந்திருந்தது. நன்றாகத் துடைத்துவிட்டுப் பதிவு செய்வோம் என்று கருதிப் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அழுந்தத் துடைத்தோம். பளபளப்பாக இருந்த தட்டு சற்று நேரத்தில் மங்கிப் பிசுபிசுத்தது. முள்ளை வைத்தபோது இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. தச்சர் மரச்சாமான்களுக்கு மெருகு பூசுவதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். இது எங்களுக்குத் தெரிந்த செய்தியே. அவ்வேளையில் நினைவுக்கு வரவில்லை. அன்னையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "போகட்டும், பாட்டு என் நெஞ்சில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே, முதலில் தட்டின் இனத்தை அறிதல் வேண்டும். கனமாகவும், வளையாமலும், கீழே விழுந்தால் உடைவதாகவும் இருப்பது அரக்குத் தட்டு. அது நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். இலேசாகவும் சற்றே வளைவதாகவும் இருப்பது வினைல் தட்டு. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்று சொல்லத்தக்க வேகத்தில், அதாவது மூன்று நிமிடத்தில் 100 முறை சுழலும் நெடுந்தட்டு அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டிலும், 45 முறை சுழலும் சிறுதட்டு 1949ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட் ஆகவே ஆகாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் தடத்தின் போக்கிலேயே துடைத்து உலர்த்தினால் போதும். நடுவிலுள்ள காகிதத்தில் நீர் படலாகாது.

அடுத்தது முள். அரக்குத் தட்டின் தடம் அகன்றது. அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள முள் வேண்டும். நெடுந்தட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். சிறிய முள்ளை அகன்ற தடத்தில் வைத்தால் அது அடியில் கிடக்கும் அழுக்கை உரசி இரையும். பெரிய முள்ளை நெடுந்தட்டில் வைத்தாலோ தடமே சிதைந்துவிடும்.

முள் எழுப்பும் மின்குறி மிகச் சிறியது. சில மில்லிவோல்ட் அளவே உள்ளது. மேலும், தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவது வழக்கம். நெடுந்தட்டுகளுக்கு இதில் ஒரு பொது அளவு 1954ஆம் ஆண்டில் ஏற்பட்டது. குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்துத் தருவதே போனோ பிரீஆம்ப் என்னும் கருவி. ரிக்கார்டு பிளேயர் சிலவற்றில் அதுவும், கணிப்பொறியில் நேரே இணைக்கும் யுஎஸ்பி வசதியும் உள்ளேயே அமைந்துள்ளன. இல்லையெனில் தனியே வாங்கி, கணிப்பொறியின் லைன் துளையில் இணைக்க வேண்டும். மைக் துளையில் இணைத்தால் ஒலி கரகரத்துப் போகும். ஓயாத உறுமல் கேட்டால், பிளேயரின் எர்த் கம்பியைப் பிரீஆம்ப்புடன் சரியாக இணைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பாட்டின் மிக ஓங்கிய இடமும் உச்ச அளவுக்கு ஆறு டெசிபெல் கீழேயே நிற்குமாறு வைத்துக்கொள்க. நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட் என்பது இசைக் குறுந்தகட்டின் தரம். நிமிடத்திற்குச் சுமார் 10 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆவணக் காப்பகங்கள் பல 96,000 மாதிரி, 24 பிட் என்று பதிவு செய்கின்றன. அதற்கு நிமிடத்திற்குச் சுமார் 35 மெகாபைட் வேண்டும். முதற்பதிவை வேவ் அல்லது பிளாக் வடிவில், ஒன்றும் திருத்தாமல் வைத்துவிடுக. கீறல் ஒலியை நீக்குவதெல்லாம் அதன் நகலில் செய்யத்தக்கது. அளவு மீறி நீக்கினால் தம்புராவின் சுருதியும் பாடகரின் மூச்சும் சேர்ந்தே போய்விடும். உறவினருக்குக் கைபேசியில் அனுப்ப எம்பி3 போதும்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு இரண்டாவது தட்டை வைத்தபோது, அன்னையாரை அருகில் அமர்த்திக்கொண்டோம். அதுவே நாங்கள் செய்த நற்செயல். பாட்டுத் தொடங்கியதும், "இவர் குரல் இவ்வளவு கீச்சென்று இராதே" என்றார். பிறகுதான் ஆராய்ந்து அறிந்தோம்: பழைய தட்டுகள் யாவும் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல, சில மெதுவாகவும் சில விரைவாகவும் பதிவானவை. கணிப்பொறியில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தோம். ஓரிடத்தில் அன்னையார் கண்ணை மூடித் தலையசைத்தார். அங்கே நிறுத்தினோம். எந்த மென்பொருளும் அந்த இடத்தை எங்களுக்குக் காட்டியிராது.

பின்னர், அந்தத் தட்டு வாங்கிய நாளில் தெருவே திண்ணையில் கூடிக் கேட்டதையும், சாவி கொடுக்கும் உரிமைக்காகத் தம்பிமார் சண்டையிட்டதையும் சொன்னார். அதையும் பதிவு செய்தோம். இறுதியில், நாங்கள் பாழாக்கிய தட்டின் பாட்டைப் பாடுமாறு வேண்டினோம். பல்லவி வந்தது; அனுபல்லவியும் வந்தது. சரணத்தில் நின்றுவிட்டார். இரண்டு முறை முயன்றார். "நேற்றுவரை இருந்தது" என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

பெரும் பாடகர்களின் குரலைக் காக்க நிறுவனங்கள் உள்ளன. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான், இந்திய இசைத்தட்டு வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர். 1930ஆம் ஆண்டில் நம் மைசூரில் மறைந்தார். அவர் வாழ்க்கையை நூலாக எழுதிய விக்ரம் சம்பத், பெங்களூரில் இந்திய இசை ஆவணக் காப்பகத்தை நிறுவிப் பழைய தட்டுகளைக் கணிப்பொறிக்கு மாற்றி, யாவரும் கேட்கச் செய்துள்ளார். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இசைத்தட்டுகளைத் திரட்டி வைத்துள்ளது. பாட்டு அங்கே கிடைக்கலாம். ஆனால், அப்பாட்டை உங்கள் பாட்டியார் எந்தத் திண்ணையில் கேட்டார் என்பது எந்தக் காப்பகத்தில் கிடைக்கும்?

சட்டத்தையும் ஒரு சொல்லில் குறிப்போம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிலைக்கும். பாடலை இயற்றியவரின் உரிமை வேறு; அது அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். வீட்டார் கேட்டு மகிழ்வது வேறு, பலருக்கும் பரப்புவது வேறு என்பதை நினைவிற் கொள்க.

பதிவு முடிந்தது என்று தட்டை எறிந்துவிட வேண்டா. கணிப்பொறியின் வட்டு சில ஆண்டுகளில் பழுதாகலாம். நூறாண்டு கண்ட தட்டுகள் இன்றும் பாடுகின்றன. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்திடுக. பதிவை மூன்று படிகளாக்கி, ஒன்றை வெளியூரில் உள்ள உறவினர் இல்லத்தில் வைத்திடுக. பாடகர் பெயர், தட்டின் எண், அது யாருடையது, எப்போது வந்தது என்பவற்றையும் உடன் எழுதி வைத்திடுக.

இவை யாவற்றிலும் அவசரமானது ஒன்றே. தட்டு இன்னும் சில காலம் பரணில் காத்திருக்கும். அதை அறிந்த முதியவர் காத்திரார். வரும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கீழே இறக்குங்கள். முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பிறகு முள்ளை வையுங்கள்.